இன்க்ஸ்கேப்பின் ‘ரைல்ட் குளோன்ஸ்’: ஓலைப் பின்னலின் கணிதத்தைத் திரையில் வரையும் கருவி

சாயம் போட்ட பனஞ் சார்வோலை நெடுக்காகவும் சாயம் போடாதது குறுக்காகவும் ஓடுகிற ஒரு பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று இழைத்தால் சதுரங்கப் பலகை. இரண்டின் மேல், இரண்டின் கீழ் இழைத்து, ஒவ்வொரு நிரையையும் ஓர் ஓலை தள்ளித் தொடங்கினால் சாய்வாகப் படிக்கட்டு ஓடும். ஓலையும் மாறவில்லை, கையும் மாறவில்லை, சமச்சீர்தான் மாறிவிட்டது. முதலாவது சமச்சீர் வகையைக் கணிதத்தில் பி4எம் (P4M) என்பார்கள், இரண்டாவதை பிஎம்ஜி (PMG) என்பார்கள். ஒரு தளத்தை இரு திசையிலும் திரும்பத் திரும்ப நிரப்பும் கோலம் எதுவானாலும் 17 வகைக்குள் அடங்கிவிடும் என்று ரஷ்யப் படிகவியலாளர் பெதரோவ் 1891 இல் நிறுவினார். 1924 இல் கணிதவியலாளர் போல்யா தனியாக அதே முடிவுக்கு வந்து, வகைக்கொரு படமும் வரைந்து வெளியிட்டார். ஓவியர் எஷர் அந்தப் படங்களைப் பார்த்துப் பயின்றவர்.

இந்த 17 வகையும் ஒரே பட்டியலாக இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இருக்கின்றன. எடிட், குளோன், கிரியேட் ரைல்ட் குளோன்ஸ் (Create Tiled Clones) என்று போனால் முதல் தாவலிலேயே வரும். மென்பொருள் இலவசம். அதில் வரைந்ததை விற்கவும் தடையில்லை. யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கிற பிள்ளைகளுக்கும், பாடசாலையில் படித்த தெசலாக்கத்தோடு (வடிவங்களால் தளத்தை இடைவெளியின்றி நிரப்பும் பாடம்) கணிதத்தை மறந்தவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

வேலை செய்யும் முறை இது. 40 மில்லிமீற்றர்ச் சதுரம் ஒன்றை வரைந்து, கன்ட்ரோல்-ஜி அழுத்திக் குழுவாக்குங்கள். பட்டியலில் பிஎம்ஜியைத் தெரிந்து, நிரை 6, நிரல் 6 கொடுத்து உருவாக்குங்கள். பிறகு மூலக் குழுவை இரட்டைக் கிளிக் செய்து உள்ளே போய் ஒரு வளைகோடு போடுங்கள். 36 பிரதிகளிலும் அதே கோடு கண்ணாடி விம்பமாகத் தெறித்தும் திரும்பியும் அந்தக் கணமே விழும். கோட்டின் முனையை இரண்டு மில்லிமீற்றர் நகர்த்தினால், தனித்தனியாகக் கிடந்த இலைகள் ஒன்றோடொன்று தொட்டுக் கொடியாகிவிடும். தாளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். கருவியின் முழுப் பெறுமதியும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கோடு சதுரத்துக்கு வெளியே நீண்ட பிறகு மறுபடி உருவாக்குவதானால், ‘சேமித்த அளவையும் இடத்தையும் பயன்படுத்து’ என்ற பெட்டியில் சரி போட வேண்டும். மறந்தால் புதிய அளவை எடுத்துக்கொண்டு இடைவெளி முழுக்கக் குழம்பும். முதல் பிரதி மூலத்தின் மேலேயே குந்தியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். லேசர் வெட்டுக்கு அனுப்பினால் அந்த இடம் இரண்டு தரம் வெட்டுப்படும்.

அடுத்த பிழை கோட்டுத் தடிப்பால் வருவது. ஒரு மில்லிமீற்றர்த் தடிப்புள்ள 40 சதுரத்தைக் கருவி 41 என்றே அளக்கும். அதனால் பக்கத்துச் சதுரங்களின் கோடுகள் ஒட்டி நின்று இரண்டு மில்லிமீற்றராகத் தெரியும். பிரிஃபரன்சஸ், ரூல்ஸ் (Tools) பகுதியில் ‘ஜியோமெட்ரிக் பவுண்டிங் பொக்ஸ்’ தெரிவுசெய்தால் தீர்ந்தது. பி4எம் வகைக்கு மூல அலகாகச் சதுரம் பொருந்தாது: 45-45-90 முக்கோணம் வேண்டும். பி6எம் என்றால் 30-60-90. முக்கோணம் தவறான பக்கம் பார்த்தாலும் பிரதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். புரட்டிவிட்டுத் திரும்ப முயலுங்கள்.

சேலைக் கரைக்கு நிரை 1 போதும். ஐந்தரை மீற்றருக்கு 11 சென்ரிமீற்றர் அலகு சரியாக 50 தரம் வரும். 12 எடுத்தால் கடைசி அலகு அறுந்து நிற்கும். அலகுகள் ஒன்றுவிட்டு ஒன்று தெறிக்கும் வகையென்றால் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால்தான் இரு முனையும் முழுச் சோடியில் முடியும்.

குறையும் உண்டு. முடிவில்லாத தளத்தை நிரப்பத்தான் இதற்குத் தெரியும், ஓரத்தில் திரும்பத் தெரியாது. புள்ளிகளைச் சுற்றி இழை ஓடும் கோலத்தில் விளிம்பு வளைவுகளை நீங்களே கையால் மூட வேண்டும். அங்கே உதவுவது இன்னொரு கணக்கு. செவ்வகப் புள்ளி அடுக்கில் இழைகள் வெட்டும் இடம் எதையும் மாற்றாமல் வரைந்தால், இழைகளின் எண்ணிக்கை நிரை, நிரல் என்ற இரு எண்களின் பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுட் பெரியது) ஆகும். 5க்கு 4 என்றால் ஒரே இழை. 6க்கு 4 என்றால் இரண்டு. 4க்கு 4 என்றால் நான்கு. ஒரே நூலில் தைத்து முடிக்க வேண்டிய பூவேலைக்குப் புள்ளியை இப்படிப் பார்த்தே வையுங்கள்.

சிக்கலான உருவத்தில் 400 பிரதி போட்டால் பழைய மடிகணினி திணறும். 6க்கு 6 இல் வடிவமைத்துவிட்டுக் கடைசியில் பெருக்குங்கள். படக் கோப்பாக மாற்றும்போது அலகுகளுக்கிடையில் மயிரிழை வெள்ளைக் கோடு தெரிந்தால், பின்னால் அதே நிறத்தில் ஒரு செவ்வகம் வைத்தால் மறையும். அச்சகத்தில் கோரல் கோப்புக் கேட்டால் இதிலிருந்து கொடுக்க முடியாது. குளோன்களை, அதாவது மூலத்தோடு இணைந்த பிரதிகளை, ஷிஃப்ட்-ஓல்ட்-டி அழுத்தி விடுவித்துவிட்டுப் பிடிஎஃப் கொடுங்கள். நிறம் திரைக்குரிய ஆர்ஜிபி முறையில்தான் போகும், கடும் நீலம் தாளில் மங்கும். முழுத்தொகைக்குச் சொல்லுமுன் ஒரு ஏ4 தாளில் அடித்துப் பாருங்கள்.