மூன்று நாள் மசாய் மாரா என்றார்கள், கிடைத்தது ஒன்றரை நாள்

போன ஆகஸ்டில் நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் காலேஜ் படிக்கிற பையனுமாக நாலு பேர் கோத்தகிரியிலிருந்து கென்யா போய், அங்கே மசாய் மாரா என்கிற வனவிலங்குக் காப்பகத்தைப் பார்த்து வந்தோம். மலைக்குக் கீழே ஒரு டிராவல்ஸ் மூலமாக ஆறு இரவு பேக்கேஜ், ஆளுக்கு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றும் டிரைவருக்கு, டிராவல்ஸுக்கு ஒன்றும் கிடையாது.

முதலில் கணக்கைப் பாருங்கள். 'மசாய் மாரா 3 நாள்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். நைரோபியிலிருந்து மாரா சுமார் 270 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் ஆகிறது. முதல் நாள் போய்ச் சேர்ந்து சாப்பிட்டு எழுந்தால் மணி மூன்றரை, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். மூன்றாம் நாள் காலை டிபன் முடிந்ததும் பெட்டியைக் கட்டச் சொல்கிறார்கள். ஆக முழுசாகக் காட்டில் இருப்பது நடுவில் ஒரே ஒரு நாள். எந்த பேக்கேஜ் வாங்கினாலும் 'எத்தனை நாள்' என்று கேட்காதீர்கள், எத்தனை முறை காட்டுக்குள் போவோம், ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பார்க் கட்டணம் சேர்த்துத்தானா என்றும் எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். 2024இல் இருந்து இப்படித்தான்.

அடுத்தது வண்டி. பிரசுரத்தில் லேண்ட் க்ரூஸர் படம், வந்து நின்றது கூரை தூக்குகிற வேன். அதில் எங்களோடு இன்னும் மூன்று பேர். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் சிங்கத்தைப் பார்த்து போட்டோ எடுத்தாச்சா, சரி, போகலாம் என்கிற ரகம். பையனோ ஒரு பறவைக்கு அரை மணி நேரம் நிற்கிற ஆள். கடைசி நாள் வரை இந்த இழுபறிதான். நாலு பேர் இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து தனி வண்டி எடுத்துவிடுங்கள், நட்சத்திர ஓட்டலைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

டிராவல்ஸ் செய்ததில் மன்னிக்க முடியாதது மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யாவிலிருந்து திரும்பி வரும்போது அந்தச் சான்றிதழை நம் நாட்டு ஏர்போர்ட்டில்தான் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியாக அடைத்துவைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். இதை எங்களுக்குச் சொன்னது புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது! அவசரமாக மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டு, மறு ராத்திரியே திரும்பினோம். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும், அதனால் டிக்கெட் போட்ட அன்றே இதை முடித்துவிடுங்கள். அறுபது தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடலாம். விசா 2024 ஜனவரியோடு போய்விட்டது, அதற்குப் பதில் ஆன்லைனில் இ-டி.ஏ. என்கிற பயண அனுமதி வாங்க வேண்டும். நாமே செய்துகொள்ளலாம், இதற்கென்று டிராவல்ஸ் தனியாக சர்வீஸ் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாமியார் பருப்புப்பொடி, தொக்கு எல்லாம் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்தார். "அத்தை, அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2017லேயே போட்டுட்டாங்க" என்றதும், "ஊட்டி ஏறுறப்போ பிளாஸ்டிக்கைப் பிடுங்குவாங்களே, நம்ம கல்லார் செக்போஸ்ட், அது மாதிரியா?" என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினார். பூங்காக்களுக்குள் 2020இல் இருந்து ஒருமுறை தூக்கிப்போடும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. தொக்கு உண்மையில் தேவைப்படவே இல்லை, கேம்ப்பில் மூன்று வேளையும் சப்பாத்தி இருந்தது, அங்கேயும் அதற்குப் பெயர் சப்பாத்திதான்.

குளிரைப் பற்றி நாம் அலட்சியமாக இருப்போம், ஊட்டிக் குளிரைப் பார்த்தவர்கள் என்று. நானும் இருந்தேன். நைரோபி ஏறக்குறைய குன்னூர் உயரம், மாரா அதைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஆனால் காலை ஆறு மணிக்குக் கூரையைத் தூக்கிய வண்டியில் எழுந்து நிற்கும்போது அடிக்கிற காற்று வேறு. குல்லாயும் ஸ்வெட்டரும் அவசியம். கருநீலம், கறுப்பு உடை வேண்டாம், கடிக்கிற ட்செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். நம் சார்ஜர் அங்கே நுழையாது, மூன்று பட்டைக்கால் உள்ள பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். டாலரைப் புது நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள், பழையதையும் கிழிந்ததையும் தொட மாட்டார்கள். சின்ன விமானத்தில் மாரா போவதாக இருந்தால் சக்கரம் வைத்த பெட்டி ஆகாது, மெத்தென்ற பையில் 15 கிலோதான்.

நைரோபியை விட்டு வெளியே வந்ததும் லிமுரு பக்கம் தேயிலைத் தோட்டம், ஓரத்தில் சில்வர் ஓக். மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இதைப் பார்க்கவா பன்னிரண்டு லட்சம்?" என்றார். வீட்டுக்காரர் அடுத்த ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை.

டிரைவருக்கு வருகிறேன். இருபது வருஷமாக இதே வேலை, பெயர் வேண்டாம். இரண்டாம் நாள் காலை ஓர் இடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டார். எதிரே டோப்பி என்கிற மான்வகை ஏழெட்டு நின்றன, ஒன்று கரையான் புற்றின் மேல் ஏறி நின்றது. எங்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை. "எல்லாம் ஒரே பக்கம் பார்க்குது, கவனிங்க" என்று சைகை காட்டினார். முதுமலையில் புள்ளிமான் கத்தினால் ஜீப்காரர் நிறுத்துவாரே, அது மாதிரி, ஆனால் இங்கே சத்தமே இல்லை. பதினைந்து நிமிஷம். உடன் வந்தவர்கள் நெளிய ஆரம்பித்தபோது, நாங்கள் வெறும் புல் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா, இரண்டு குட்டிகளோடு எழுந்தது. குட்டியின் முதுகில் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் நீள முடி. வயர்லெஸ்ஸில் அவர் வாயே திறக்கவில்லை, சொன்னால் பத்து வண்டி வந்துவிடும். பூனை இன மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி, ஆனால் ஆகஸ்டில் அதை யாரும் எண்ணுகிற மாதிரித் தெரியவில்லை.

வில்ட்பீஸ்ட் என்கிற மான்வகை கூட்டம் கூட்டமாக மாரா ஆற்றைக் கடக்குமே, அதைப் பார்க்கவில்லை. கரையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம், விலங்குகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. 'கட்டாயம் காட்டுகிறோம்' என்று விற்ற டிராவல்ஸைத் தவிர.

பெண்களுக்கு ஒன்று: உள்ளே கழிப்பறை அபூர்வம். டிரைவரிடம் கூச்சப்படாமல் சொன்னால் சுற்றிலும் பார்த்துவிட்டு வண்டிக்குப் பின்னால் இறங்கச் சொல்வார். மாமியார் முதல் நாள் தண்ணீரே குடிக்காமல் தலைவலியோடு படுத்தார்.

டிரைவர் நம்பரைப் பையன் வாங்கி வைத்திருக்கிறான், அடுத்த முறை நேராக அவரிடம்தான் பேசுவோம். போன வாரம் எங்கள் வீட்டுப் பின்னால் தேயிலைக்குள் நின்ற காட்டெருமையைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினான். இது எந்த பார்க், டிக்கெட் எவ்வளவு என்று கேட்டு உடனே பதில் வந்தது.