எண்ணெய்ப்பனை மறுநடவு: ஒரேயடியாக வெட்டுவதா, பாதிப் பாதியாகவா?

எண்ணெய்ப்பனைக்கு 25 வயது தாண்டினால் குலைகள் குறையும், மரமும் உயர்ந்துவிடுவதால் அறுப்புக் கூலியும் ஏறும். வெட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் புதுக் கன்று காய்ப்புக்கு வர இரண்டரை முதல் மூன்று வருடம் ஆகுமே, அதுவரை வீடு எதில் ஓடும்?

மொத்தமாக வெட்டினால் இயந்திரம் ஒரே தடவை வந்து போகும், செலவு குறைவு, தோட்டமும் ஒரே வயதில் நிற்பதால் உரம், அறுப்பு எல்லாம் சுலபம். ஆனால் குலை வருமானம் பூஜ்யம். நிலம் முழுக்க வெயில் விழுவதால் இடைவெளியில் மக்காச்சோளம், நிலக்கடலை, வாழை போடலாம், அது ஓரளவு கைகொடுக்கும், முழுதாக ஈடாகாது.

பாதிப் பாதியாக வெட்டினால் மீதி மரங்கள் மாதாமாதம் கொஞ்சம் பணம் தரும், கடன் குறையும். சிக்கல் என்னவென்றால், வெட்டிய தண்டுகள் மட்கும்போது காண்டாமிருக வண்டு அதில் பெருகி இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும், இரண்டு தடவை வெட்டினால் இந்தத் தொல்லையும் இரண்டு தடவை. கானோடெர்மா அழுகல் (மரத்தின் அடித்தண்டை அழுக வைக்கும் பூஞ்சை நோய்) ஏற்கெனவே இருக்கிற தோட்டமென்றால் நோயுற்ற மரங்களை விட்டுவைப்பது இன்னும் மோசம்.

வெளியே சம்பளம் வாங்குபவர் வீட்டில் இருந்தால் நான் மொத்தமாகவே வெட்டச் சொல்வேன். தோட்டம் மட்டும்தான் சோறு போடுகிறதா? சரி, பாதிதான், நோய் அதிகமுள்ள பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.