கொழிஞ்சாம்பாறை "சேச்சி கடை" மெடிக்கல்ஸ், அஞ்சுக்கு நாலு ஸ்டார்

கடை பேரு போடல, ஊர்க்காரங்களுக்கு சேச்சி கடைன்னாலே தெரியும். கேரளா பாலக்காடு மாவட்டத்துல, தமிழ்நாடு பார்டரை ஒட்டின கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்ட் பக்கம், மூணு பேர் நின்னா நாலாவது ஆள் ரோட்டுல நிக்கணும், அவ்ளோ சின்ன கடை.

முதல்ல பழைய கதை. அம்மாவுக்கு வயசு 64. சுகருக்கு கிளிமிபிரைடு, எலும்புக்கு கால்சியம், நெஞ்செரிச்சலுக்கு அந்த ரோஸ் கலர் ஜெல்லு, இது போக பக்கத்து வீட்டுல யாராவது மூட்டு வலிக்கு நல்லாருக்குன்னு குடுத்தா அதுவும். போன வருஷம் யூரின் இன்ஃபெக்ஷன் வந்து டாக்டர் சிப்ரோஃப்ளாக்ஸசின் 500னு ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதினாரு, பார்டர் தாண்டி அந்தப்பக்கம் ஒரு கடைல வாங்கினோம், கவர்ல போட்டான், காசு வாங்கினான், முடிஞ்சுது. அம்மா என்ன பண்ணாங்கன்னா தினமும் காலைல சிப்ரோ, கால்சியம் ரெண்டையும் ஒரே வாய்ல போட்டு ஒரு டம்ளர் பால், பத்து நிமிஷத்துல ஜெல்லு. அஞ்சு நாள் கோர்ஸ் முடிஞ்சும் எரிச்சல் அப்படியே இருக்கு. திரும்பப் போனப்ப டாக்டர் எல்லாத்தையும் கேட்டுட்டு நெத்தில கை வச்சுட்டாரு. கால்சியம், இரும்பு, ஜெல்லுல இருக்கிற அலுமினியம் மெக்னீசியம் எல்லாம் சிப்ரோவை வயித்துக்குள்ளயே பிடிச்சு வச்சுக்குமாம், ரத்தத்துக்கு பாதி கூட போயிருக்காதுன்னாரு.

இந்த மாசம் மறுபடி அதே தொல்லை, எந்த மருந்துக்கு கிருமி அடங்கும்னு யூரின் கல்ச்சர் டெஸ்ட் எடுத்து பாத்துட்டு சிப்ரோவே கேக்கும்னு எழுதினாங்க, இந்தத் தடவை சேச்சி கடை. சீட்டைப் பாத்ததும் சேச்சியோட முதல் கேள்வி, "அம்மா வேற மருந்து ஏதாவது கழிக்காறுண்டோ?" பொள்ளாச்சில இருந்து வந்திருந்த மச்சான் ஒரு முழி முழிச்சான் பாருங்க. மலையாளத்துல கழிக்கறதுன்னா சாப்பிடறதுடான்னு சொல்றதுக்குள்ள எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

நான் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல நீலக் கவர் மேலயே பேனால எழுதினாங்க. சிப்ரோ காலை 8, ராத்திரி 8, தண்ணி மட்டும். கால்சியம் மதியம் 2 மணி சோத்தோட, ஏன்னா கால்சியத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி, இல்லேன்னா ஆறு மணி நேரம் கழிச்சுதான் சிப்ரோ போடணுமாம். ஜெல்லு வேணும்னா அதுவும் அந்த 2 மணிக்குத்தான். சுகர் மாத்திரையோட சிப்ரோ சேர்ந்தா சுகர் திடீர்னு இறங்கலாம், கை நடுங்கினா வேர்த்தா உடனே செக் பண்ணுங்க, சர்க்கரை கைல இருக்கட்டும்னாங்க. குதிகால் மேல இருக்கிற தசைநார் வலிச்சா சிப்ரோ மாத்திரையை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட ஓடணும், 60 தாண்டினவங்களுக்கு அந்த ரிஸ்க் ஜாஸ்தியாம். இதை எனக்கு எந்த டாக்டரும் சொன்னதில்ல.

எனக்கு முன்னாடி ஒருத்தர் பல்வலிக்கு மெட்ரோனிடசோல் வாங்கினாரு, அவர்கிட்ட நேராவே "குடிக்குமோ?" அவரு சத்தமா இல்லைன்னாரு, லைன்ல நின்ன அவரோட ஃபிரண்டு இருமினான். மாத்திரை முடிஞ்சு மூணு நாள் வரைக்கும் தொடக்கூடாதுன்னு சொல்லித்தான் கவரை குடுத்தாங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க யாராவது இதே சீட்டோட வந்தா டாக்டருக்கு போன் போடாம குடுக்க மாட்டாங்களாம், ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவு ஆகலாமாம்.

சரி, குறை. ஒரே ஆளு, எல்லார்கிட்டயும் இவ்ளோ பேசினா லைன் நகருமா? எனக்கு 35 நிமிஷம் ஆச்சு. போன மாசம் சளிக்கு அசித்ரோமைசின், அதுவும் ஆன்டிபயாட்டிக்தான், மூணே மூணு கேட்டேன், சீட்டு இல்லாம கிடையாதுன்னுட்டாங்க. அன்னிக்கு செம கடுப்பு. 2024 ஜனவரில கேரளா அரசு சீட்டு இல்லாம ஆன்டிபயாட்டிக் விக்கிற கடைகளைப் பிடிக்க ஆபரேஷன் அம்ரித்னு ரெய்டு ஆரம்பிச்சதுல இருந்து இந்தப்பக்கம் கொஞ்சம் டைட்டுதான், ஆனா இவங்க அதுக்கும் முன்னாடியே இப்படித்தானாம். சளி நாலு நாள்ல தானா போச்சு, அதை அவங்ககிட்ட சொல்லல.

கவர் இப்ப எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு. ஜிபே பாதி நாள் வேலை செய்யாது, சில்லறையோட போங்க, ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல ஷட்டர் போட்டுடுவாங்க.