கோட்லின் கோரூட்டீன்: 2019 முதல் உடன் வரும் ஒரு ரத்துச் சிக்கல்

ஆர்எக்ஸ்ஜாவா என்ற நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஆண்ட்ராய்டு செயலியை, கோட்லின் மொழியின் கோரூட்டீனுக்கு (காத்திருக்க வேண்டிய வேலைகளைச் செயலி உறையாமல் வரிசையாக எழுத உதவும் வசதிக்கு) மாற்றலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். இரண்டு நாள் தேடிப் பிடித்த ஒரு பிழையை அன்று காலையில்தான் நான் திருத்தி முடித்திருந்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதப்படும் பதில் இது என்பதை அவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

கோட்லின் 1.3 வெளிவந்த 2018 அக்டோபரில் கோரூட்டீன் நிலைத்த வடிவம் பெற்றது. அடுத்த ஆண்டே எங்கள் குழு அதற்கு மாறியது. சர்வரிடம் கேட்பது, டேட்டாபேஸில் எழுதுவது, திரையைப் புதுப்பிப்பது ஆகிய மூன்றும் மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே போகக்கூடிய மூன்று வரிகளாகச் சுருங்கியதைக் கண்ட நாளின் மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. திரை மூடப்பட்டால் அதன் வேலைகளைக் கட்டிவைக்கும் வியூமாடல்ஸ்கோப் ரத்தாகும், அதனடியில் தொடங்கிய பிள்ளை வேலைகள் அனைத்தும் தாமாகவே ரத்தாகும் என்ற ஒழுங்கு, ஆண்ட்ராய்டின் பழைய ஏசிங்க்டாஸ்க் காலத்தில் நாங்கள் துரத்திக்கொண்டிருந்த மெமரி லீக்குகளில் பெரும்பகுதியை ஒழித்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் முதல் வாரத்திலேயே பழைய புரோகிராம் கோடைப் படித்துப் புரிந்துகொள்கிறார் என்றால் அதற்கும் இதுவே காரணம்.

ஆனால் அந்த ரத்து எப்படி நடக்கிறது என்பதில்தான் என் தீராத வருத்தம் இருக்கிறது. கோரூட்டீனை யாரும் வெளியிலிருந்து பிடித்து நிறுத்துவதில்லை. ரத்தானபின் அது அடுத்த நிறுத்தப்புள்ளியை, அதாவது காத்திருக்க வேண்டிய இடத்தை, எட்டும்போது கேன்சலேஷன்எக்ஸெப்ஷன் என்ற பிழை அறிவிப்பு எறியப்படுகிறது, அந்த எக்ஸெப்ஷன் தடையின்றி மேலே போனால்தான் வேலை முடிவுக்கு வருகிறது. வழியில் யாராவது அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் ரத்து பாதியிலேயே நின்றுபோகும்.

எங்கள் செயலி கள ஊழியர்களுக்கானது; புதிய பணி வந்திருக்கிறதா என்று 30 விநாடிக்கு ஒருமுறை சர்வரிடம் கேட்கும். சில போன்கள் கடுமையாகச் சூடாகின்றன, பேட்டரி வேகமாக இறங்குகிறது என்று புகார் வந்தபோது முதலில் ஜிபிஎஸ்ஸைச் சந்தேகித்து ஒரு நாளை அதிலேயே கழித்தோம். பிறகு ஓர் ஊழியர், "அண்ணே, ஓடிக்கிட்டிருக்கும்போது ஒண்ணும் இல்ல, லாக்அவுட் பண்ணினதுக்கு அப்புறம்தான் கொதிக்குது" என்றார். போனைக் கேபிளில் இணைத்து, செயலியின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, லாக்அவுட்டை அழுத்தினேன். "ஸ்டாண்டலோன்கோரூட்டீன் வாஸ் கேன்சல்ட்" என்று, கோரூட்டீன் ரத்தானதைச் சொல்லும் ஒரே வரி, கண் பின்தொடர முடியாத வேகத்தில் திரையை நிரப்பிக்கொண்டு ஓடியது.

அந்தப் புரோகிராம் கோடு மிக எளியது. வைல் ட்ரூ என்று முடிவில்லாமல் சுற்றும் ஒரு லூப், அதற்குள் ஒரு ட்ரை, அந்த ட்ரைக்குள் சர்வர் அழைப்பும் 30,000 மில்லிவிநாடி டிலேயும் (காத்திருப்பும்), பிழையைப் பிடிக்கும் கேட்சில் எக்ஸெப்ஷன் என்ற பொது வகையைப் பிடித்து லாக் எழுதும் ஒரு வரி. நெட்வொர்க் துண்டிக்கப்பட்டாலும் செயலி விழுந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டது. லாக்அவுட்டில் ஸ்கோப் ரத்தானதும் டிலே காத்திருக்காமல் உடனே எக்ஸெப்ஷனை எறிந்தது, கேட்ச் அதை விழுங்கியது, லூப் திரும்பவும் மேலே போனது, முதல் நிறுத்தப்புள்ளியிலேயே மீண்டும் எக்ஸெப்ஷன் வந்தது. 30 விநாடிக்கு ஒருமுறை சுற்றிய லூப் இப்படி இடைவெளியே இல்லாமல் சுற்றத் தொடங்கியது. மெயின் த்ரெடில் இருந்திருந்தால் திரை உறைந்து முதல் நாளே தெரிந்திருக்கும். பின்னணி த்ரெடில் ஓடியதால் போன் சூடானதைத் தவிர வேறு அடையாளம் இல்லை.

வைல் ட்ரூ இருந்த இடத்தில் வேலை இன்னும் ரத்தாகாமல் இருக்கிறதா என்று பார்க்கும் இஸ்ஆக்டிவ் நிபந்தனையை வைத்திருந்தால் இந்த லூப் தப்பியிருக்கும். ஆனால் நோய் லூப்பில் இல்லை, கேட்சில் இருக்கிறது. ட்ரை-கேட்சைச் சுருக்கி எழுத உதவும் ரன்கேச்சிங் இன்னும் ஆபத்தானது, ஏனெனில் பார்க்க அழகான அந்த ஒற்றைச் சொல் எறியக்கூடிய எல்லாவற்றுக்கும் மூலமான த்ரோவபிள் வகை முழுவதையும் பிடித்துவிடுகிறது. கேன்சலேஷன்எக்ஸெப்ஷனை மட்டும் தனியாகப் பிடித்து மறுபடி எறியுங்கள் என்பதுதான் எங்கும் சொல்லப்படும் அறிவுரை. அதுவும் முழுமையானதல்ல. காலக்கெடு வைக்கும் வித்டைம்அவுட் எறியும் டைம்அவுட் எக்ஸெப்ஷனும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், சர்வர் தாமதித்த ஒரே காரணத்துக்காக லூப் முழுவதும் லாக்கும் இல்லாமல், செயலி விழவும் விழாமல், சத்தமின்றி முடிந்துபோகும். ஆகவே நாங்கள் இப்போது பொதுக் கேட்ச் ஒவ்வொன்றிலும் முதல் வரியாக என்ஷ்யூர்ஆக்டிவை அழைக்கிறோம்: நம் கோரூட்டீனே ரத்தாகியிருந்தால் அது அங்கேயே எறிந்து வெளியேறும், இல்லையென்றால் வழக்கமான பிழையாகக் கையாளலாம். காலக்கெடுவுக்கு, நேரம் கடந்தால் எறியாமல் நல் (வெறுமை) தரும் வித்டைம்அவுட்ஆர்நல் பயன்படுத்துகிறோம்.

இந்தச் சிக்கலுக்கு வேர் பழையது. ஜேவிஎம்மில் (ஜாவாவும் கோட்லினும் ஓடும் மேடையில்) கோட்லினின் கேன்சலேஷன்எக்ஸெப்ஷன் என்பது 2004இல் ஜாவா 5 கொண்டுவந்த அதே வகைக்கு மறுபெயர்தான். அது இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் வழியாக எக்ஸெப்ஷனின் வழித்தோன்றலாக இருப்பதால் எந்தப் பொதுக் கேட்சிலும் சிக்கிக்கொள்கிறது. ஜாவாவில் த்ரெட் குறுக்கிடப்படும்போது வரும் இன்டரப்டட்எக்ஸெப்ஷனைக் கையாளாவிட்டால் கம்பைலரே தடுக்கும். கோட்லினில் அப்படிப்பட்ட கட்டாயம் கிடையாது. பைத்தானும் இதே குழியில் கிடந்ததுதான். 2019இல் வந்த 3.8 பதிப்பில் ஏசிங்க்ஐஓ நூலகத்தின் கேன்சல்ட்எரரை, எக்ஸெப்ஷனுக்கும் மேலே இருக்கும் பேஸ்எக்ஸெப்ஷனின் நேர்கீழே மாற்றினார்கள், அதன்பின் பொதுவான எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன் அதை விழுங்குவதில்லை. ஒரு மொழி தன் பழைய கோடு சில உடையும் என்று தெரிந்தும் எடுத்த அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஜாவாவின் வகையோடு தன்னைப் பிணைத்துக்கொண்ட கோட்லினுக்கு அது அவ்வளவு எளிதல்ல என்பது எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் தணிந்துவிடவில்லை.

நண்பரின் ஆர்எக்ஸ்ஜாவா 2 செயலியில், டிஸ்போஸ் (ரத்து) ஆனபின் ஒரு பிழை வந்தால் அன்டெலிவரபிள்எக்ஸெப்ஷன் என்று செயலியே விழுந்துவிடும். அதைப் பற்றி அவர் என்னிடம் பலமுறை குறைப்பட்டிருக்கிறார். ஆனால் விழுந்தால் கிராஷ் ரிப்போர்ட் வரும், பிழை நடந்த இடத்தைக் காட்டும் ஸ்டாக் ட்ரேஸ் இருக்கும், அன்று மாலைக்குள் திருத்தலாம். எங்களுக்குக் கிடைத்த ரிப்போர்ட் ஓர் ஊழியரின் உள்ளங்கைச் சூடு மட்டுமே.

நான் ஆர்எக்ஸ்ஜாவாவுக்குத் திரும்பப் போவதில்லை. அடுத்த செயலியையும் கோரூட்டீனில்தான் எழுதுவேன். ஆனால் நண்பரே, உங்கள் குழுவில் நான்கு பேர்தான் இருக்கிறீர்கள், செயலியில் நூற்றுக்கணக்கான கேட்ச்கள் இருக்கின்றன, அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்க இந்த ஆண்டு யாருக்கும் நேரமில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அதனால் மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். சென்ற மாதம் கேட்டிருந்தால் உடனே மாற்றுங்கள் என்று சொல்லியிருப்பேன்.