டிஸ்கைச் சீவுவதா, மாற்றுவதா? சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பிரேக் கணக்கு

தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் பாலாற்றில் தண்ணீரும் ஓடுகிறது. போன சித்திரையில் அந்தப் பட்டியலில் ‘பேட் இல்லாத பிரேக்’ என்று ஒன்றைச் சேர்த்த பெருமை என்னுடையது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துகிற கட்டைதான் பேட்.

குடும்பத்தோடு ஏலகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரி, ஓரி, கபிலர், அவ்வையார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பின் சீட்டில் மகள் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். பாதி மலையில் இடது முன்சக்கரத்தில் இரும்பு இரும்போடு உரசும் சத்தம். மீதி வளைவுகளை முதல் கியரிலேயே இறக்கி, நெடுஞ்சாலையில் 40க்கு மேல் போகாமல் வேலூரில் எங்கள் சத்துவாச்சாரிக்கு வந்து சேர்ந்தோம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், ஒரு மாதத்துக்கு முன்புதான் காரை சர்வீஸ் விட்டிருந்தேன். ‘பேட் பாதி இருக்கிறது’ என்று சீட்டில் எழுதியே கொடுத்தார்கள். அது பொய்யும் இல்லை. சக்கரத்தின் ஓட்டை வழியே பார்த்தால் தெரிவது வெளிப்பக்கப் பேட். அது பாதி இருந்தது. உள்பக்கப் பேட் தகடு வரை தேய்ந்து, அந்தத் தகடு டிஸ்கில் பள்ளம் பறித்திருந்தது.

வழக்கமாகப் போகும் ஷெட்டில் சக்கரத்தைக் கழற்றிய பாய் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “இன்னா சார் இது, தகடே தேஞ்சி போச்சே” என்றார். அப்புறம் பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கையால் ஆட்டிக் காட்டினார். அது அசையவில்லை. சின்ன கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள்பேட்டை டிஸ்க் மேல் தள்ளும்போது, காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப்பேட்டையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். பின் துருப்பிடித்து இறுகிவிட்டால் உள்பேட் மட்டும் தனியாக உழைத்துத் தேயும்.

சரி, இப்போது என்ன செய்வது? மூன்று வழி சொன்னார்கள். பேட் மட்டும் மாற்றுவது, டிஸ்கின் மேற்பரப்பை லேத் இயந்திரத்தில் சீவிக்கொண்டு பேட் மாற்றுவது, டிஸ்கும் பேடும் சேர்த்துப் புதிதாகப் போடுவது.

பேட் மட்டும் போதும் என்றார் மைத்துனர். மூன்றில் மலிவு அதுதான், பெரும்பாலான நேரம் அதுவே சரியும்கூட. புதிய பேட்டின் உராய்வுப் பகுதி ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வரும்போதே மாற்றினால் டிஸ்க் இரண்டு, மூன்று செட் பேட்களுக்குத் தாங்கும். டிஸ்கில் விரலை ஓட்டினால் லேசான கோடுகள் தட்டுப்படும், பரவாயில்லை. நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் என்றால் கதை வேறு. புதுப் பேட்டின் தட்டையான முகம் மேடுகளில் மட்டும் படும். பிரேக் மெத்தென்று பிடிக்கும், பேட்டும் சீக்கிரம் தேயும். என் இடது டிஸ்கில் நகம் என்ன, கடப்பாரையே மாட்டும்போல இருந்தது.

அடுத்தது லேத். நம் பக்கத்தில் இதற்கு இன்னும் மவுசு குறையவில்லை. சில நூறு ரூபாயில் டிஸ்கின் இரு முகங்களையும் சீவிப் பளபளவென்று கொடுத்துவிடுவார்கள். நானே மூன்று வருஷம் முன்பு ஸ்டியரிங் உதறுகிறது என்று இதைச் செய்தேன். உதறல் அன்றைக்கே போனது. ஏழெட்டு மாதத்தில் திரும்பி வந்தது. லேத்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஆனால் தப்பு அவருடையது இல்லை என்பது இந்த முறைதான் தெரிந்தது.

பிரேக் உதறினால் ‘டிஸ்க் வளைஞ்சிருக்கு’ என்பது எல்லாரும் சொல்கிற வார்த்தை. உண்மையில் பெரும்பாலும் நடப்பது வேறு. சக்கரத்தின் நடுவில் டிஸ்க் உட்காரும் பாகமான ஹப்பின் முகத்தில் துரு படிந்திருக்கும். அதன் மேல் டிஸ்க் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். சுற்றும்போது ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டைத் தொட்டுத் தொட்டு மெலியும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டிஸ்கின் கனம் இடத்துக்கு இடம் மாறிவிடும். அந்த வித்தியாசம்தான் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங்கில் கைக்குத் தெரிகிறது. டிஸ்கைச் சீவினால் கனம் சமமாகிவிடும், ஆனால் துருப்பிடித்த ஹப் அப்படியேதான் இருக்கும். பழையபடி மாட்டினால் பழையபடி சாயும். புது டிஸ்க் போட்டாலும் இதே கதிதான்.

சீவலாமா, கூடாதா என்பதை டிஸ்கே சொல்லிவிடும். அதன் விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சக் கனம் பொறித்திருப்பார்கள். கம்பி பிரஷ் போட்டால் எண் தெரியும். சின்ன கார்களில் புது டிஸ்குக்கும் அந்த எண்ணுக்கும் இடைவெளி சுமார் 2 மி.மீ.தான். அதுவும் இரண்டு பக்கத் தேய்மானத்தையும் சேர்த்து! ஏற்கெனவே ஒன்றரை தேய்ந்திருந்தால் சீவுவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்கும் திறனையும் இழக்கிறது. மலை இறக்கத்தில், அதுவும் நம் ஊர்க் கத்திரி வெயிலில், அது விளையாட்டு இல்லை.

அளக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. தேய்ந்த டிஸ்கின் ஓரத்தில் பேட் படாத வரம்பு ஒன்று உயர்ந்து நிற்கும். கனம் அளக்கும் வெர்னியர் கருவியை அப்படியே வைத்தால் அந்த வரம்பை அளந்து டிஸ்க் நல்ல கனம் என்று காட்டிவிடும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஆளுக்கொரு பக்கம் வைத்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்தால் சரியான அளவு வரும். எனக்கு இடது டிஸ்க் எல்லையைத் தாண்டியிருந்தது. வலது எல்லைக்கு மேலே அரை மி.மீ. நின்றது. “வலதை சீவிக்கிட்டு, இடது மட்டும் புதுசு போடலாமா பாய்?” என்று கேட்டேன். முறைத்தார். ஒரே அச்சில் ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கலாம். பேடும் டிஸ்கும் எப்போதும் ஜோடியாகத்தான்.

ஆக, புது டிஸ்க். இனி யாரிடம் போடுவது என்பது கேள்வி. கம்பெனி சர்வீஸ், ஷெட், சொந்தக் கை.

கம்பெனி சர்வீஸ் மையத்தில் கேட்ட எஸ்டிமேட் 9,000 ரூபாயைத் தாண்டியது. ஒரிஜினல் உதிரி, பில், கொஞ்ச நாள் உத்தரவாதம் எல்லாம் கிடைக்கும். வாரண்டி இன்னும் இருக்கும் காரென்றால் யோசிக்காமல் அங்கே போகலாம். ஆனால் வேலை கதவுக்குப் பின்னால் நடக்கும். ஹப்பைத் தேய்த்தார்களா, பின்னைக் கழற்றினார்களா என்று நாம் பார்க்க முடியாது. ஒரு காரை முடித்து அடுத்ததை ஏற்றும் அவசரத்தில் முதலில் விடுபடுவது அந்த இரண்டும்தான் என்பது என் சந்தேகம். வெளிப்பேட்டை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதியதும் அப்படியொரு அவசரமாகத்தான் இருக்கும்.

ஷெட்டில், உதிரியை நானே வாங்கிக்கொண்டு போனேன். கார் கம்பெனியின் பெயரில் வரும் ஒரிஜினல் ஒரு ரகம். பிரேக் பாகங்கள் செய்யும் நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே விற்பது அடுத்தது. பாஷ், ரானே, பிரேக்ஸ் இந்தியாவின் டிவிஎஸ் வகைகள் எல்லாம் அந்த ரகம். பிரேக்ஸ் இந்தியாவுக்கு நம் சோளிங்கரிலேயே வார்ப்பாலை இருக்கிறது. நரசிம்மரைப் பார்க்கப் படியேறும் பலருக்கு அது தெரியாது. மூன்றாவது, பெயரே இல்லாத அட்டைப்பெட்டி. முதல் இரண்டில் எது போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது என்பது என் அனுபவம். மூன்றாவதை வண்டி நிறுத்தி வைக்கிற கொட்டகைக்குள்கூட விட மாட்டேன். விலை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. கடையில் பழைய விலை ஒட்டிய பெட்டி கிடக்கலாம்.

செராமிக் பேட் வாங்கச் சொல்லி நண்பர் ஒருவர் பிடிவாதம் பிடித்தார். சக்கரத்தில் கரி படியாது, சத்தம் குறைவு, விலை அதிகம். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் நின்று நின்று போகிற வண்டிக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

சொந்தமாகச் செய்வது? ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்குப் பேட் மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பா வழியலாம். பெயிண்டில் பட்டால் பெயிண்ட் போச்சு. பிரேக் கரியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத வேண்டாம், மூச்சில் போகிற தூசி அது. எல்லாம் மாட்டியதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இதை மறந்தால் முதல் மிதி தரை வரை இறங்கும், முன்னால் இருப்பது வீட்டுச் சுவர். டிஸ்க் மாற்றம் என்றால் துருவில் ஒட்டிய பழைய டிஸ்கைக் கழற்றுவதே பாதி நாளைத் தின்னும். பல கார்களில் டிஸ்கின் முகத்திலேயே இரண்டு மரைத் துளைகள் இருக்கும். அதில் போல்ட்டைச் செலுத்தி இறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும். தெரியாமல் சுத்தியலால் அடித்தே ஓய்ந்தவர்களில் நானும் ஒருவன்.

கடைசியில் ஷெட்டுதான், ஆனால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பாய் இரண்டு ஹப்பையும் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு தெரியும்வரை தேய்த்தார். 20 நிமிஷம் ஆகியிருக்கும். நான்கு பின்களையும் கழற்றி, பின்னை மூடும் ரப்பர் உறைகளில் கெட்டுப்போன ஒன்றை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் போட்டார். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப் பின் மறுபடி இறுகும். புது டிஸ்கின் மேலிருந்த எண்ணெயைக் கிளீனரால் துடைத்தார். சக்கர நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கை ஸ்பேனரால் இறுக்கினார். பிரேக் ஆயிலும் இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். அதையும் மாற்றியாயிற்று. உதிரி, கூலி, ஆயில் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்ச் சொச்சம்.

புதுப் பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று படிவதற்காக, முதல் நாள் அமிர்தி சாலையில் போக்குவரத்து இல்லாத நேரம் பார்த்து, 60இலிருந்து 20 வரை மிதமாகப் பத்துத் தடவை பிரேக் போட்டேன், முழுதாக நிறுத்தாமல். நடுவில் ஆறவிட்டு ஓட்டினேன். அடுத்த 200, 300 கிலோமீட்டருக்கு அவசர பிரேக் போடாமல் பார்த்துக்கொண்டேன். லேசான வாடை வந்தது, மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் போய்விட்டது.

பழைய டிஸ்க் இரண்டையும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். மாற்றியது உண்மைதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. வலது டிஸ்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டேன். இடது இப்போது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஆடிக் காற்றுக்கு மூடி பறக்கவில்லை.