இது இல்லாவிட்டாலும் வந்திருப்பாரா? விளம்பரத்தையும் செய்தியையும் அளக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

மாதக் கடைசியில் ஏஜென்சி அனுப்பும் ரிப்போர்ட்டில் எண்களுக்குப் பஞ்சமே இருக்காது. பத்திரிகைகளில் வந்த செய்திகளின் மதிப்பு இத்தனை லட்சம், ரீச் (எத்தனை பேரைச் சென்றடைந்தது) இத்தனை, வீடியோ வியூ இத்தனை, கிளிக் வழியாக வந்த விற்பனை இத்தனை என்று எல்லாமே ஏறுமுகமாக இருக்கும். அதே மாதம் கடைக் கல்லாவை எண்ணினால் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏன் என்று கேட்ட முதலாளிகளுக்கு நான் பல வருடம் நேரான பதில் சொன்னதில்லை. இப்போது ஒரே ஒரு கேள்வியை உரைகல்லாக வைத்திருக்கிறேன்: இந்தச் செலவைச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நம் தொழிலில் புழங்கும் அளவுகளை ஒவ்வொன்றாக இந்தக் கல்லில் உரசிப் பார்ப்போம்.

மக்கள் தொடர்பில் நெடுநாளாக இருப்பது விளம்பர மதிப்பு ஈடு, ஏ.வி.ஈ. ப்ரெஸ் மீட் வைத்து, மறுநாள் வந்த செய்தியை வெட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, அதே இடத்தை விளம்பரமாக வாங்கியிருந்தால் என்ன விலை என்று போடும் கணக்கு. 200 சதுர சென்டிமீட்டர் செய்தி, ரேட் கார்டில் (பத்திரிகையின் விளம்பர விலைப்பட்டியலில்) சதுர சென்டிமீட்டருக்கு 1,500 ரூபாய் என்றால் மூன்று லட்சம். விளம்பரத்தைவிடச் செய்தியை மக்கள் அதிகம் நம்புவார்கள் என்று சொல்லி அதை மூன்றால் பெருக்குவதும் உண்டு. அப்போது ஒன்பது லட்சம் ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஸ்கேலும் கத்திரிக்கோலுமாக உட்கார்ந்து இப்படி ஃபைல் ஃபைலாகத் தயாரித்திருக்கிறேன். ரேட் கார்டு விலையை யாரும் முழுசாகக் கொடுப்பதில்லை என்பது அதில் சின்னக் குறைதான். கடையைத் திட்டி வந்த செய்திக்கும் அதே மதிப்பு விழும். ஒரு மக்கள் தொடர்பு (பி.ஆர்.) ஆள் ராத்திரி பகலாகப் பேசி, தவறான செய்தி ஒன்று அச்சேறாமல் தடுத்திருந்தால், அந்த மாதத்தின் ஆகச்சிறந்த வேலைக்கு மதிப்பு பூஜ்யம்.

2010 ஜூனில் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு மாநாட்டில், மக்கள் தொடர்பை அளப்பவர்களின் உலக அமைப்பான ஏமெக் முன்னின்று ஏழு கோட்பாடுகளை வகுத்தது. ஏ.வி.ஈ. என்பது மக்கள் தொடர்பின் மதிப்பு அல்ல என்று அதில் ஒன்று வெளிப்படையாகவே சொன்னது. எவ்வளவு வெளியானது என்பதைவிட அதனால் என்ன விளைந்தது என்பதை அளப்பதே மேல் என்றது இன்னொன்று. பிரிட்டனின் பட்டய மக்கள் தொடர்பு நிறுவனம் 2017ல் தன் உறுப்பினர்கள் இதைப் பயன்படுத்தவே கூடாது என்று முடிவெடுத்தது. இத்தனைக்குப் பிறகும் நம் ஊர் ரிப்போர்ட்களில் இந்த எண் முதல் பக்கத்தில் இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். ரூபாயில் வரும் ஒரே எண் அதுதான், முதலாளிக்கு ரூபாய் புரியும். ஆனால் அந்த ரூபாய் யார் கைக்கும் வரவில்லை.

ரீச், இம்ப்ரெஷன் (எத்தனை முறை காட்டப்பட்டது), வியூ, லைக் இவற்றை அதிகம் அலச வேண்டியதில்லை. ஆனால் இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். திரையில் விளம்பரத்தின் பாதிப் பரப்பு ஒரு வினாடி தெரிந்தாலே 'பார்க்கத்தக்கது' என்று எண்ணிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தத் துறையில் ஏற்கப்பட்ட வரையறை. வீடியோவுக்கு இரண்டு வினாடி. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒரு தவறை ஒப்புக்கொண்டது. ஒரு வீடியோவைச் சராசரியாக எத்தனை வினாடி பார்க்கிறார்கள் என்ற கணக்கில், மூன்று வினாடிக்குள் தள்ளிவிட்டுப் போனவர்களை வகுக்கும் எண்ணில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். 100 பேரில் 40 பேர் ஒரே வினாடியில் நகர்ந்துவிட்டார்கள், 60 பேர் பத்து வினாடி பார்த்தார்கள் என்று வையுங்கள். மொத்தம் 640 வினாடி. 100ஆல் வகுத்தால் சராசரி 6.4 வினாடி. 60ஆல் வகுத்தால் 10.7. இந்த ஒரு வகுத்தல் பிழையால் சராசரி 60 முதல் 80 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்று அப்போது விளம்பர நிறுவனம் ஒன்றுக்கு ஃபேஸ்புக் சொன்னது. விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கு 2019ல் 4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. மின்னஞ்சலைத் திறந்தவர்கள் எண்ணிக்கையும் இப்படித்தான். அதிலுள்ள படம் இறங்கினால் திறந்ததாக எண்ணுவார்கள். 2021ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில், தனியுரிமைப் பாதுகாப்பை வைத்திருப்பவர்களுக்கு வரும் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கத் தொடங்கியதிலிருந்து, படிக்காதவரும் படித்தவராகக் கணக்கில் ஏறுகிறார். எதற்கு எவ்வளவு இடம் கொடுத்தோம் என்று பார்க்க இந்த எண்கள் உதவும். அதற்கு மேல் நான் இவற்றைக் கேட்பதில்லை.

அப்புறம் கடைசி கிளிக்: வாங்குவதற்கு முன் கடைசியாகத் தட்டிய விளம்பரத்தின் கணக்கில் முழு விற்பனையையும் எழுதும் முறை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இது பார்ப்பதற்கு அவ்வளவு நியாயமாக இருக்கிறது. ஒருவர் விளம்பரத்தைத் தட்டினார், வந்தார், வாங்கினார். விற்பனை விளம்பரத்தால்தானே? ஏ.வி.ஈ.யோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். குறைந்தபட்சம் உண்மையான பில் ஒன்று இருக்கிறது. ஆனால் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தை நினைத்துப் பாருங்கள். 'திருநெல்வேலி, திருநெல்வேலி' என்று ஒருவர் கூவிக்கொண்டிருக்கிறார். நெல்லைக்குப் போகவென்றே வீட்டிலிருந்து கிளம்பி, அந்தப் பேருந்தையே தேடி வந்து, படியில் கால் வைத்தவரையும் அவர் 'வாங்க, வாங்க' என்கிறார். ராத்திரி கணக்குச் சொல்லும்போது ஏறிய அத்தனை பேரும் என் குரலுக்கு வந்தவர்கள்தான் என்று சொன்னால் எப்படி ஒத்துக்கொள்வது? எதிர்ப் பேருந்துக்குப் போக இருந்து, குரல் கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அவர் வேலையின் மதிப்பு.

இந்தச் சந்தேகத்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது ஈபே என்ற இணையச் சந்தை நிறுவனம். 2012 மார்ச்சில், அமெரிக்காவில் யாஹூ, எம்.எஸ்.என். தேடல்களில் தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டும் விளம்பரங்களை நிறுத்தியது. ஒப்பிட்டுப் பார்க்க கூகுளில் மட்டும் தொடர்ந்தது. விளம்பரத்தால் வந்துகொண்டிருந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம், அதற்குக் கீழேயே இலவசமாக இருந்த சாதாரண இணைப்பு வழியாக அப்படியே வந்து சேர்ந்தது. ஈபே என்று தட்டுகிறவர் ஈபேக்குத்தான் போகிறார், வேறெங்கே போவார்? சரி, பெயரைத் தேடுவோரை விடுங்கள், பொருளைத் தேடுவோர்? அதற்கும் சோதனை வைத்தார்கள். அமெரிக்கச் சந்தைப் பகுதிகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தைக் குலுக்கல் முறையில் பிரித்து, அங்கே மட்டும் கூகுள் விளம்பரங்களை நிறுத்தினார்கள். விற்பனை இறங்கியதாகச் சொல்லுமளவுக்கு எதுவும் நடக்கவில்லை. வழக்கமான கணக்குகள் செலவைப் போல் பல மடங்கு வருமானம் வருவதாகக் காட்டிக்கொண்டிருந்தன; சோதனை காட்டிய மதிப்பீட்டில் லாபமே இல்லை, நஷ்டம்தான். தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் மூவரும் எழுதிய இந்த ஆய்வு 2015ல் எகனாமெட்ரிகா இதழில் வந்தது.

இதைப் படித்துவிட்டுத் தேடல் விளம்பரமே வீண் என்று முடிவு கட்டுகிறவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: புதிதாக வருகிறவர்களும் எப்போதாவது வாங்குகிறவர்களும் விளம்பரத்தால் உண்மையிலேயே வந்தார்கள். பணத்தில் பெரும்பகுதி, எப்படியும் வரப்போகிற பழைய வாடிக்கையாளர்கள் மேல் செலவானதுதான் சிக்கல். யாரும் பெயர் கேள்விப்படாத ஈரோட்டுப் போர்வைக் கடைக்கு ஈபேயின் விடை பொருந்தாது. அந்தக் கடையை 'போர்வை மொத்த விலை' என்று தேடுகிறவருக்குக் காட்ட வேறு வழியே இல்லாமல் இருக்கலாம். விடைதான் மாறும், சோதிக்கும் முறை எல்லாருக்கும் ஒன்றுதான்.

கடைசி கிளிக் பற்றி இன்னொரு சங்கதி. ஒரே பட்டுப்புடவையை மெட்டாவும் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனம்) தன் கணக்கில் எழுதும், கூகுளும் தன் கணக்கில் எழுதும். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், தட்டியவர் ஏழு நாளுக்குள் வாங்கினாலும் கணக்கு. தட்டாமல் வெறுமனே பார்த்தவர் ஒரு நாளுக்குள் வாங்கினாலும் கணக்கு. இரண்டு நிறுவனங்களின் டேஷ்போர்டுகளிலும், அதாவது அவை காட்டும் கணக்குத் திரைகளிலும், உள்ள விற்பனையைக் கூட்டி, கடையில் போட்ட பில்களோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டுத்தொகை பில்களைத் தாண்டி நின்றால் அதிசயப்பட வேண்டாம்.

ஆக, எதிரெதிராக வைத்துப் பார்க்க வேண்டியவை இரண்டு: டேஷ்போர்டு சொல்வது ஒன்று, நிறுத்திப் பார்த்தால் தெரிவது மற்றொன்று. இரண்டாவதற்கு ஈபே அளவு பணம் தேவையில்லை. கூகுளிலும் மெட்டாவிலும் ஊர் வாரியாக விளம்பரத்தைக் காட்டவும் நிறுத்தவும் முடியும். ஒரு கடைக்கு நான்கு மாவட்டங்களிலிருந்து ஆன்லைன் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலத்திலும் திருச்சியிலும் நான்கு வாரம் விளம்பரத்தைத் தொடருங்கள்; ஈரோட்டிலும் மதுரையிலும் நிறுத்துங்கள். முந்தைய நான்கு வாரத்தில் இரு பக்கமும் 400 பில் இருந்திருக்கின்றன. சோதனை முடிவில் விளம்பரம் ஓடிய பக்கம் 460, நிறுத்திய பக்கம் 420. நிறுத்திய பக்கமே 20 கூடியிருக்கிறது என்றால் அந்த 20 சீசன் கொடுத்தது. விளம்பரம் கொடுத்தது 40. டேஷ்போர்டோ 180 விற்பனை என்று காட்டுகிறது. செலவு 60,000 ரூபாய் என்றால், டேஷ்போர்டு கணக்கில் ஒரு விற்பனைக்கு 333 ரூபாய்; உண்மையில் 1,500. ஒரு போர்வையில் 400 ரூபாய் லாபம் நிற்கும் கடைக்கு இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருப்பது கடையைத் திறந்து வைப்பதா மூடுவதா என்ற வித்தியாசம்.

சோதனையை ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் வைக்காதீர்கள். முன்பு ஒன்றுபோல ஏறி இறங்கிய ஊர்களைத்தான் எதிரெதிரே நிறுத்த வேண்டும். மாதம் முப்பது பில் போடும் கடையில் நாலைந்து பில் வித்தியாசம் எதையும் நிரூபிக்காது. அப்படிப்பட்ட கடை நான்கு வாரத்துக்குப் பதில் ஒரு காலாண்டாவது காத்திருக்க வேண்டும்.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கடையின் பெயர், அதாவது பிராண்ட், மெல்ல மெல்லச் சேர்வது. ஊற்று நின்ற மறுநாளே கிணறு வற்றிவிடாது. பெயருக்காகச் செய்யும் விளம்பரத்தை நான்கு வாரம் நிறுத்திவிட்டு ஒன்றும் குறையவில்லையே என்று சொன்னால், அந்த நான்கு வாரமும் முன்பு சேர்த்த தண்ணீரைத்தான் இறைத்திருக்கிறோம். அடிடாஸ் நிறுவனத்தின் உலகளாவிய ஊடகப் பிரிவுத் தலைவர் சைமன் பீல் 2019ல் இதை வெளிப்படையாகப் பேசினார். விளம்பரப் பணத்தில் 77 சதவீதத்தை உடனடி விற்பனைக்கும் 23 சதவீதத்தை மட்டும் பெயருக்கும் செலவிட்டுக்கொண்டிருந்தார்கள். விரிவான புள்ளியியல் ஆய்வு செய்தபோது, விற்பனையில் 65 சதவீதம் பெயருக்காகச் செய்த விளம்பரத்தால் வந்தது என்று தெரிந்தது. கடைசி கிளிக்கை மட்டும் பார்த்தே பணத்தை ஒதுக்கியதால் வந்த வினை அது என்று அவரே சொன்னார்.

செய்திக்கு இதையெல்லாம் எப்படிப் பொருத்துவது என்று மக்கள் தொடர்பு ஆட்கள் கேட்பார்கள். பொருத்தலாம், ஓரளவுக்கு. தமிழ் நாளிதழ்களுக்கு ஊர் வாரிப் பதிப்புகள் இருக்கின்றன. மதுரைப் பதிப்பில் மட்டும் உங்கள் செய்தி வந்தது என்றால், அடுத்த இரண்டு வாரம் மதுரையிலிருந்து வந்த ஃபோன்களையும் பில்லில் உள்ள பின்கோடுகளையும் திருநெல்வேலியோடு வைத்துப் பாருங்கள். கிளிப்பிங் ஃபைலைவிட அந்த இரண்டு பத்தி எண் பி.ஆர். வேலைக்குச் செய்யும் மரியாதை பெரியது.

மிச்சமிருப்பது எல்லாவற்றிலும் எளிது, கேட்பாரற்றுக் கிடப்பது: வந்தவரிடம் 'எங்க கடை உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பது. மனித ஞாபகம் பிசகும். நாலு தடவை ரீல்ஸில் பார்த்துவிட்டு, 'ஃப்ரெண்டு சொன்னாங்க' என்பார்கள். போர்டைப் பார்த்துத்தான் வந்தேன் என்று சொல்பவர் அதற்கு முன்பே கூகுளில் தேடியிருப்பார். ஆனாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை அனுப்பிய போட்டோ, கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் சொன்ன வார்த்தை, டீக்கடையில் படித்த செய்தி இவையெல்லாம் எந்த டேஷ்போர்டிலும் ஏறாது, இந்தக் கேள்வியில் மட்டும் ஏறும். நிறுத்திப் பார்ப்பது எவ்வளவு என்று சொல்லும். கேட்டுப் பார்ப்பது எதனால் என்று சொல்லும். எனக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நிறுத்திப் பார்ப்பதைத்தான் வைத்துக்கொள்வேன். இரண்டுக்கும் இடமிருந்தால் ஏ.வி.ஈ. பக்கத்தைக் கிழித்துவிட்டு அங்கே கேட்டுக் கிடைத்த பதில்களை எழுதுவேன்.

என் கிளையண்ட் ஒருவரின் கடையில் இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கட்டித் தொங்குகிறது. பில் போடும் பெண் கேட்டு, வந்தவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறார். கூகுள், ஃபேஸ்புக் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். அது ஒரு வாரம்கூட ஓடவில்லை. 'மாமியார் எடுத்த கடை' என்று நிறையப் பேர் சொன்னதால் அவரே அதற்கு ஒரு தனிக் கட்டம் போட்டுவிட்டார்.