அம்மாவின் கேக் சாடி

லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் போய்வந்தேன். நல்லூர்த் திருவிழா, ஐஸ்கிரீம் கடை, ஏ9 வீதி பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. வெயில் உட்பட எல்லாம் வழக்கம்போல. நான் எழுத வந்தது அம்மாவின் கேக் சாடியைப் பற்றி.

முதலில் என் சூட்கேஸ். 30 கிலோவில் 6 கிலோ அப்பாவின் சாமான்: சலம் (சிறுநீர்) இறக்கும் 16 சைஸ் சிலிக்கோன் குழாய், அதுதான் கதீற்றர், ஒரு டசின்; மிச்சமெல்லாம் அது வந்து சேரும் யூரின் பாக். சொக்லேட் குறைந்துபோனதென்று தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

தை மாதம் அப்பாவுக்குத் தடிமன். அம்மா வழக்கம்போல பிரிற்றன் கொடுத்திருக்கிறார். 78 வயது, ஏற்கெனவே சலப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பியில் வீக்கம், போதாக்குறைக்கு நாலு நாளாக வயிறும் போகவில்லை. அந்தக் குட்டி மஞ்சள் குளிசை சலப்பைத் தசையைச் சோம்பலாக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? நடுச்சாமம் சலம் அடைத்து, தொப்புளுக்குக் கீழே தேங்காய் மாதிரி வீங்கி, ஓட்டோ பிடித்து ஓடிக் குழாய் போட்டதும் ஒரு லீற்றருக்கு மேல் இறங்கியதாம். "குழாய் போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்று தங்கச்சி வாட்ஸப்பில் சொன்னாள். அதோடு எல்லாருக்கும் நிம்மதி. ஏழு மாதம்! நானும் கிழமைக்கு ஒருமுறை "பாக் காணுமோ?" என்று கேட்டேனே தவிர, "எப்ப கழட்டுவினம்?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. லண்டனில் இருக்கும் எங்களுக்குச் சாமான் அனுப்பத் தெரிந்த அளவு கேள்வி கேட்கத் தெரியாது.

வீட்டுக்குப் போனால் அப்பா விறாந்தையில் இருக்கிறார். பாக்கைப் புடவைக்கடைப் பை ஒன்றுக்குள் மறைத்து மடியில் வைத்திருக்கிறார். சந்தைக்குப் போவதில்லை. கோயிலுக்கும் இல்லை, "இதோட எப்பிடிப் போறது?" இரவில் அம்மா அதை நுளம்புவலைக் கம்பியில், அப்பாவின் தலைக்கு மேலே தொங்கவிடுவார். நாய் இழுக்குமாம். எனக்குத் தலை சுற்றியது. பாக் எப்போதும் சலப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், நிலத்திலும் முட்டக்கூடாது, இல்லாவிட்டால் இறங்கியது திரும்பி மேலே போகும். இரண்டு முறை குளிர்க்காய்ச்சல் வந்ததாம். ஏன் வராது?

மாதாமாதம் குழாய் மாற்றிய தனியார் இடம் ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். காலை 5 மணிக்கு நம்பர் எடுத்து, 9 மணிக்கு உள்ளே போய், இரண்டு நிமிடத்தில் காசைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம். குழாய் இல்லாமல் இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "வயசு போட்டுது தானே" என்று பதில் வந்தது. வயது போனால் காது கேட்காமல் போகலாம், அதற்காகக் கேள்விக்கும் பதில் இல்லாமல் போகுமா? லண்டனில் என் மாமனாருக்கும் இதே கதைதான். அங்கே வார்டை விட்டு வரும்போதே, கழற்றிப் பார்க்கும் நாளுக்குக் கடிதம் வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கடிதம் வர ஒன்பது கிழமை எடுத்தது, அது வேறு கதை.

அப்புறம் தங்கச்சியின் பேச்சைக் கேட்டு ஒரு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். நீளமான வாங்கு, ஓடாத காற்றாடி. கையில் சனிடைசர் போத்தலோடு சண்டைக்குத் தயாராக நான். அங்கே இருந்த மிஸ்ஸி (தாதி) கொப்பியைப் புரட்டிவிட்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, இது ஏன் போட்டது? எப்ப போட்டது? பிறகு ஏன் கழட்டேல்லை?"

ஏழு மாதமாக ஒருவரும் கேட்காத கேள்வி. அப்பா என்னைப் பார்த்தார், நான் காற்றாடியைப் பார்த்தேன்.

டொக்டர் வந்து சோதித்து, இரத்தம் எடுத்து, டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் இரவில் ஒன்று எழுதினார். சலப்பையின் வாயை இறுக்கும் தசையை அது தளர்த்தும், படுக்கையிலிருந்து திடீரென்று எழும்பினால் தலை சுற்றும், ஆறுதலாக எழும்ப வேண்டும். வயிறு போகவும் மருந்து. தடிமன் குளிசைப் பக்கமே போகக்கூடாது. வியாழன் காலை வரச்சொன்னார்.

வியாழன். குழாய் வழுவாமல் உள்ளே பிடித்து வைத்திருக்கும் பலூனில் இருந்த 10 மில்லிலீற்றர் தண்ணீரைச் சிரிஞ்சால் இழுத்ததும் குழாய் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. "இவ்வளவுதானோ?" என்றார் அப்பா. இனி அளவாகத் தண்ணீர் குடித்து, தானாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கே போவது? மலசலகூடக் கதவுக்குக் கொழுக்கி இல்லை, வெளியே ஏழு பேர் வரிசை. அப்பா சோதனை எழுத வந்த பெடியன் மாதிரி முழங்காலில் கைவைத்து இருந்தார். 8, 9, 10 மணி. ஒன்றும் இல்லை. லண்டனில் தனி அறை, திரை, ஸ்கானர் என்று நான் முணுமுணுக்கத் தொடங்க, பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவர் சிரித்தார். முல்லைத்தீவுக்காரர், 2009இல் முள்ளந்தண்டில் செல் துண்டு பட்டவர். நாளுக்கு ஐந்து முறை தானே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, சலத்தை இறக்கிவிட்டு உடனே எடுத்துவிடுவாராம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும், பாக் கிடையாது. "ஐயா, வராட்டியும் யோசியாதேங்கோ, வேற வழி இருக்கு" என்றார். நான் சொன்ன எதைவிடவும் அது அப்பாவுக்குத் தெம்பாக இருந்தது.

பதினொன்றுக்கு மிஸ்ஸி வந்தார். "வீடு எங்க?" கொக்குவில். "ஓட்டோவில போய் உங்கட கிணத்தடியில நிண்டு பாருங்கோ. வயிறு நொந்தா உடன வாங்கோ, இல்லாட்டி ரெண்டு மணிக்கு வாங்கோ. வாறதை அளந்து எழுதுங்கோ."

"எதில அளக்கிறது?"

"ஏன், வீட்டில அளவுச் சாடி இல்லையோ?"

இருக்கிறது. மில்லிலீற்றருக்குச் சிவப்புக் கோடு போட்ட தடித்த கண்ணாடிச் சாடி, நான் முதன்முதலில் லண்டனிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. கண்ணாடி அலுமாரியில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் இருக்கும், கேக் அடிக்கும் நாளில் மட்டும் இறங்கும். நான் அதை எடுத்ததைக் கண்ட அம்மா தேங்காய் துருவலையில் இருந்தபடியே கத்தினார்: "அதுக்குள்ளையோ? உனக்கென்ன விசரோ? அதில நான் பால் அளக்கிறனான்!" பழைய ஹோர்லிக்ஸ் போத்தலை நீட்டினார். அதில் கோடு இல்லை. "கொப்பருக்குக் கோடு வேணுமோ?" என்ற சண்டைக்கு நடுவில் அப்பா சாடியை வாங்கிக்கொண்டு பேசாமல் கிணற்றடிக்கு நடந்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு, பை இல்லாமல், சாரத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு.

மோட்டர் பூட்டி எத்தனையோ வருடம், ஆனாலும் கப்பியும் வாளியும் கிடக்கின்றன. நான் வாளியை விட்டேன். கப்பி கிரீச்சிட்டது. அள்ளி, கல்லில் ஊற்றி, திரும்ப அள்ளினேன். அப்பா வாழையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். "நீ அங்கால போ" என்றார். "ஊத்திறதை விடாதை" என்றும் சொன்னார். அங்கால போய் எப்படி ஊற்றுவது என்று கேட்காமல் ஊற்றினேன்.

11.50. 120 மில்லிலீற்றர். அரை மணி கழித்து 180. கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். சண்டை போட்ட அம்மா குசினி வாசலில் எட்டிப்பார்த்து "எத்தினையாம்?" என்று கேட்டார்.

இரண்டு மணிக்கு ஸ்கான் செய்தார்கள். போனபிறகு சலப்பையில் மிச்சம் 80 மில்லிலீற்றர் மட்டும். மிஸ்ஸி கொப்பியில் எழுதிக்கொண்டே "காணும்" என்றார். புரொஸ்டேட் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது, குளிசை தொடர வேண்டும், திரும்ப அடைத்தால் ஒப்பரேஷன் பற்றிப் பேசுவார்கள். ஆனால் அன்று பின்னேரம் அப்பா சைக்கிளைத் துடைத்தார்.

சூட்கேஸ் சாமானை முல்லைத்தீவுக்காரரிடம் நீட்டினேன். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "அண்ணை, இது உள்ளுக்கயே விட்டு வைக்கிறது. எனக்குப் பலூன் இல்லாதது வேணும், 12 சைஸ்." ஆறு கிலோவையும் வார்டுக்குக் கொடுத்துவிட்டு அவருக்கு வேண்டியதைக் குறித்துக்கொண்டேன்.

சாடியைச் சவர்க்காரம் போட்டு, கொதிதண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைத்துக் கொடுத்தேன். அம்மா தொடவே இல்லை. இப்போது அது கிணற்றுக் கட்டில் இருக்கிறது, தங்கச்சி அதில் செவ்வரத்தைத் தடி குத்தி வைத்திருக்கிறாள். அடுத்தமுறை 12 சைஸ் குழாயோடு ஒரு சாடியும் கொண்டுவர வேண்டுமாம், சிவப்புக் கோடு போட்டதாகப் பார்த்து.